வேலை ஓடும் வரையில்: கொங்கு நாட்டில் ஒருவர் தம்மை மாற்றுத்திறனாளியாக உணரும் விதம்

2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 16.42 லட்சம் பேர். பத்தாண்டு கழித்து, மாநிலத்தின் மக்கள்தொகை கூடியிருந்தும், 2011இல் அந்த எண்ணிக்கை 11.79 லட்சமாகக் குறைந்தது. பார்வைக் குறைபாடு என்ற ஒரு பிரிவை மட்டும் எடுத்துக்கொண்டால் வீழ்ச்சி இன்னும் பெரிது: 9.64 லட்சம் என்றிருந்தது 1.27 லட்சமாயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் கண்புரை அறுவை சிகிச்சைகள் பெருகின. கண் மருத்துவமனைகள் ஊர் ஊராக முகாம் நடத்தின. ஆயினும் எட்டு லட்சம் பேருக்கு மேல் அதனால் மட்டும் பார்வை திரும்பியிருக்க முடியாது. கேள்வியும் அதன் வரையறையும் மாறியிருந்தன. ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ளவரை 2001இல் மாற்றுத்திறனாளியாகக் கணக்கிட்டார்கள், 2011இல் கணக்கிடவில்லை. அந்த மனிதருடைய கண்ணில் எந்த மாற்றமும் நிகழாமலேயே அவர் ஒரு பட்டியலிலிருந்து வெளியேறினார்.

வரையறை ஒருபுறம் இருக்க, கணக்கெடுப்புத் தாளில் பதிவாவது பெரும்பாலும் வீட்டுப் பெரியவர் சொல்லும் பதில்தான். உங்கள் வீட்டில் மாற்றுத்திறனாளி யாராவது உண்டா என்று கேட்டால், “அப்படி ஆருமில்லீங்க” என்று சொல்லிவிடுகிற வீட்டிலேயே, திண்ணையை விட்டு எழ முடியாத அப்பத்தா இருப்பார், டிவியை உச்சத்தில் வைத்தால்தான் கேட்கிற தகப்பனார் இருப்பார், பட்டறையில் இரண்டு விரல்களை இழந்த மருமகன் இருப்பார். அந்தப் பதிலில் பொய் ஏதுமில்லை. அவர்கள் பார்வையில் முதலாமவருக்கு வயதாகிவிட்டது, இரண்டாமவருக்குக் காது கொஞ்சம் மந்தம், மூன்றாமவருக்கு ஒரு விபத்து நடந்தது. மூவரும் தம்மை அந்தச் சொல்லுக்குள் வைத்துப் பார்த்ததில்லை. உடலில் ஒரு குறைபாடு இருப்பதற்கும், ‘நான் மாற்றுத்திறனாளி’ என்று ஒருவர் தம்மைப் பற்றி உணர்வதற்கும் இடையில் பல ஆண்டுகள் கழியலாம். சிலருக்கு அந்த உணர்வு வராமலே வாழ்க்கை முடிந்துவிடலாம். அந்த இடைவெளி எப்படிக் கடக்கப்படுகிறது என்பதே இங்கு ஆராய வேண்டிய பொருள்.

கொங்கு நாட்டைப் பொறுத்தவரை இதற்கான திறவுகோல் வேலையில் இருக்கிறது என்பது என் கருத்து. மழையை நம்பிய மேட்டுக்காடும் ஆழக் கிணறுமாகப் பண்ணயம் பார்த்த இந்தப் பகுதியில், 1888இல் கோவையின் முதல் நூற்பாலை எழுந்தது. 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. பிறகு வார்ப்பட ஆலைகள், பம்புசெட்டுப் பட்டறைகள், சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம், குமாரபாளையம் வட்டாரத்து விசைத்தறிகள், திருப்பூர்ப் பனியன் கம்பெனிகள் என்று ஒவ்வொரு தலைமுறையும் ஓர் இயந்திரத்தின் முன் நின்று பிழைக்கக் கற்றது. பாடுபடுகிறவர் என்பதைவிடப் பெரிய நற்சான்று இங்கு கிடையாது. உட்கார்ந்து தின்கிறவர் என்பதைவிடப் பெரிய வசையும் கிடையாது. இந்த மதிப்பீட்டுக்குள் வளர்ந்தவர், கை ஓடுகிற வரையில், காலால் நிற்க முடிகிற வரையில், தம் உடலின் குறையைக் குறை என்று ஒப்புக்கொள்ள மாட்டார். இந்த மறுப்பு அவருக்குத் தன்மானத்தைக் காத்துக் கொடுக்கிறது. அதே மறுப்புதான் அவருக்குச் சேர வேண்டிய உரிமையையும் பறித்துவிடுகிறது.

விசைத்தறிக் கூடத்தில் இதைத் தெளிவாகக் காணலாம். நாடா அடித்து ஓடும் பழைய தறிகள் வரிசையாக ஓடுகிற ஒரு தறிக்குடோனில் இரைச்சல் 90 டெசிபெலைத் தாண்டிவிடும். தொழிற்சாலைச் சட்ட விதிகள் நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு அனுமதிக்கும் உச்ச வரம்பே அதுதான். உள்காதில் ஒலி அதிர்வை நரம்புக்குக் கடத்தும் மயிரிழைச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. அழிவு முதலில் 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான உயர் ஒலிகளில் தொடங்குகிறது. உயிரோசைகள் தாழ்ந்த அலைகளில் இருப்பதால் அவை கேட்டுக்கொண்டே இருக்கும். க, ச, ட, த, ப போன்ற மெய்யோசைகள் மட்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆகவே பாதிக்கப்பட்டவருக்குத் தமக்குக் காது கேட்கவில்லை என்ற எண்ணமே எழுவதில்லை. எதிரில் இருப்பவர் சரியாகப் பேசுவதில்லை, முனகுகிறார் என்றுதான் தோன்றும். ‘பத்து’ என்றாரா, ‘பட்டு’ என்றாரா, ‘கட்டு’ என்றாரா என்பதைச் சூழலை வைத்து ஊகித்துக்கொள்வார். அந்த ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அத்தோடு, குடோனுக்குள் எவருக்குமே எதுவும் கேட்காது. பாவு அறுந்தது, கரண்டு போய் வந்தது, டீ வந்துவிட்டது என்று எல்லாச் செய்தியும் கைச்சாடையிலும் உதட்டசைவிலும்தான் பரிமாறப்படும். இருபது ஆண்டு தறி ஓட்டியவர் அந்த இடத்தில் மற்ற எவரையும்விடக் குறைந்தவர் அல்லர். சாடையில் அவரே தேர்ந்தவர். தறியை விட்டு வெளியே வந்த பின்னர்தான் சிக்கல் தொடங்குகிறது. பேரனின் மழலை புரிவதில்லை. கைபேசியில் பேசும்போது பார்த்துப் புரிந்துகொள்ள உதடுகள் கிடையாது. வங்கியில் கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து எழுத்தர் இரண்டு முறை சொல்லி மூன்றாம் முறை சலித்துக்கொள்கிறார். அப்போதும் அவர், “சத்தத்துல நின்னு பழகிருச்சுங்க” என்றுதான் சொல்வார். தொழிலின் தழும்பாக அதைச் சொல்வாரேயன்றி உடலின் குறைபாடாகச் சொல்ல மாட்டார். அவர் சான்றிதழ் கேட்டுப் போனாலும் சட்டம் அவரை ஏற்றுக்கொள்ளும் என்பது உறுதியில்லை. இரண்டு காதுகளிலும் 60 டெசிபெல் இழப்பு இருந்தால்தான் செவித்திறன் குறைந்தவர், 70 டெசிபெல் இழப்பு இருந்தால்தான் காது கேளாதவர் என்பது சட்டத்தின் வரையறை. 45 டெசிபெல் இழப்போடு வாழும் நெசவாளி வீட்டிலும் தனிமைப்பட்டு, சட்டத்துக்கும் வெளியே நிற்கிறார். இரைச்சலால் வரும் செவிக்குறை 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்சார் நோயாகவே இடம்பெற்றிருந்தது; 2025 நவம்பரில் அச்சட்டத்தின் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்தது. ஆனால் நான்கு தறி, ஆறு தறி வைத்துக் கூலிக்கு நெய்யும் குடும்பத்தில் முதலாளியும் தொழிலாளியும் ஒருவரே. அவர் யாரிடம் இழப்பீடு கோருவார்?

பட்டறைத் தொழிலாளியின் நிலை இதற்கு நேர்மாறு. பவர் பிரஸ்ஸில் கை சிக்கியவருக்குக் குறை கண்முன்னே தெரிகிறது. அந்த நாள்வரை கேள்விப்பட்டிராத ஓர் எண்ணும் அவருக்குக் கிடைக்கிறது. அதே 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணைப்படி, கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு. ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50 விழுக்காடு. அந்த அட்டவணையில் ஒரு கண்ணை முற்றிலும் இழப்பது, மற்றக் கண் நன்றாக இருந்தாலும், 40 விழுக்காடு. மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்காக 2018இல் வெளியான மதிப்பீட்டு நெறிமுறையிலோ, மற்றக் கண்ணில் பார்வை நன்றாக இருந்தால் அதே ஒற்றைக்கண் நிலை 30 விழுக்காடுதான். சலுகைகளுக்கான குறைந்தபட்ச அளவாகிய 40ஐ அது எட்டுவதில்லை. ஒரே மனிதர் ஓர் அலுவலகத்தில் இழப்பு உடையவராகவும் இன்னோர் அலுவலகத்தில் தகுதி இல்லாதவராகவும் இருக்கும் நிலையில், தாம் யார் என்பதை அவர் இந்த எண்களிலிருந்து அறிந்துகொள்ள வழியில்லை. இழப்பீட்டுத் தொகை வந்ததும் கோப்பு முடிந்தது, தம் பாடும் முடிந்தது என்று எடுத்துக்கொண்டு, மீதி விரல்களால் அதே இயந்திரத்துக்குத் திரும்பிவிடுகிறார். திரும்ப முடிந்த வரையில் அவருக்கு நடந்தது ஒரு விபத்து மட்டுமே.

வேலைக்குத் திரும்பவே வழியில்லாத உடல்நிலையில்தான் கேள்வி முழு உருவம் கொள்கிறது. பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப் பகுதிகளில் தென்னை மரத்திலிருந்து விழுபவர்கள், கிணறு வெட்டும்போதோ தூர் வாரும்போதோ தவறி விழுபவர்கள், நெடுஞ்சாலையில் இருசக்கர வாகன விபத்தில் சிக்குபவர்கள் ஆகியோரில் சிலருக்குத் தண்டுவடம் அறுபடுகிறது. எலும்பு முறிவுச் சிகிச்சையில் பெயர்பெற்ற கோவை மருத்துவமனைகள் உயிரையும் முதுகெலும்பையும் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்புகின்றன. அறுந்த தண்டுவடத்தை ஒட்டவைக்கும் மருத்துவம் இன்னும் வரவில்லை. வீட்டில், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உடலைத் திருப்பிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப் புண், சிறுநீர்க் குழாயைச் சுத்தமாகக் கையாளாவிட்டால் தொற்று. இவை இரண்டும் உயிரைக் குடிக்கக்கூடியவை. முதல் ஓராண்டு, இரண்டாண்டுகளுக்குப் பெரும்பாலானோர் தம்மை நோயாளியாகவே கருதுகிறார்கள். நோய் என்றால் ஒருநாள் தீரும். ஆகவே எண்ணெய் வைத்தியத்துக்கும் மூலிகைக் கட்டுக்கும் நேர்த்திக்கடனுக்கும் காட்டை அடகு வைத்துக் குடும்பம் செலவழித்துக்கொண்டே இருக்கிறது. சக்கர நாற்காலி வாங்கலாம் என்று யாராவது சொன்னால், அதை நம்பிக்கை இழந்த பேச்சாகக் கருதி வீட்டார் கோபப்படுகிறார்கள்.

இந்தக் கட்டத்தை ஒருவர் தாண்டுவதற்கு மருத்துவர் சொல்லும் விளக்கத்தைவிட, தம்மைப் போன்ற இன்னொருவரைச் சந்திப்பதே பெரிதும் துணைசெய்கிறது. அதே உயரத்திலிருந்து விழுந்து, அதே இடுப்புக்குக் கீழ் உணர்விழந்து, பத்தாண்டாகச் சக்கர நாற்காலியில் கடை நடத்திக்கொண்டிருக்கும் ஒருவர் எதிரில் வந்து, சிறுநீர்க் குழாயை எப்படி மாற்றுவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எப்படி மாறுவது, பேருந்தில் ஏற யாரிடம் எப்படிக் கேட்பது என்று சொல்லிக்கொடுக்கும்போது, இது தீர வேண்டிய நோயன்று, இப்படியும் வாழ ஒரு வழி உண்டு என்பது கண்ணுக்குத் தெரிகிறது. வெளியார் இதை எளிதில் நம்புவதில்லை. அமெரிக்காவில் காரி ஆல்பிரெக்ட், பேட்ரிக் டெவ்லீகர் ஆகிய இருவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், மிதமானது முதல் கடுமையானது வரை குறைபாடு உள்ளவர்களில் 54 விழுக்காட்டினர் தம் வாழ்க்கைத் தரம் நன்று அல்லது மிக நன்று என்றே கூறினர். அது நாற்காலியை ஏற்று, வாழ்வை அதற்கேற்ப அமைத்துக்கொள்ள முடிந்தவர்களின் பதில் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நம் ஊர் வீட்டில் உயரமான திண்ணை, அதன்மேல் வாசற்படி, உள்ளே ஆசாரம் என்னும் கூடம், கொல்லையில் தனியாகப் பொடக்காலி என்னும் குளியலிடம். இந்த அமைப்பில் ஒருவர் தம் இயலாமையை நாளொன்றுக்குப் பலமுறை சந்திக்கிறார். படியை இடித்துச் சாய்தளம் கட்டிய வீட்டில் அதே உடல் அவ்வளவு முறை நினைவூட்டப்படுவதில்லை.

இந்தக் கடைசிச் செய்தியைச் சட்டம் இப்போது தன் வரையறையிலேயே ஏற்றிருக்கிறது. 1976இல் பிரிட்டனில், உடற்குறை உள்ளவர்களைத் தனி இல்லங்களில் ஒதுக்கிவைப்பதை எதிர்த்து எழுந்த ஒரு சங்கம், எங்களை முடக்குவது எங்கள் உடலன்று, இந்தச் சமூகத்தின் அமைப்பு என்று அறிவித்தது. அந்தச் சங்கத்தின் தொடக்கம், அத்தகைய இல்லமொன்றில் வாழ்ந்த பால் ஹன்ட் 1972இல் ஒரு நாளிதழுக்கு எழுதிய கடிதம். 2006இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற உடன்படிக்கையிலும், 2007இல் அதை ஏற்று உறுதிசெய்த இந்தியா 2016 டிசம்பரில் இயற்றி 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைப்படுத்திய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் அக்கருத்து இடம்பெற்றது: நீண்டகாலக் குறைபாடு தடைகளோடு சேரும்போது ஒருவரின் முழுப் பங்கேற்பைத் தடுப்பதே ஊனம். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த வகைகள் 21 ஆயின. வரையறை தடைகளைப் பேசுகிறது. சான்றிதழோ இன்றும் உடலை மட்டுமே அளக்கிறது.

பிறவியிலோ மழலைப் பருவத்திலோ குறைபாடு வந்தவர்களின் பாதை வேறு. ஒரு குழந்தைக்குத் தன் உடல்தான் உடலின் இயல்பு. ஒப்பிட்டுப் பார்க்கத் தன் முந்தைய உடல் என்று ஒன்று அதற்குக் கிடையாது. தெருப் பிள்ளைகள் பெயருக்கு முன்னால் ஒட்டும் பட்டப்பெயர் முதல் அறிவிப்பு. பள்ளியில் ஓட்டப் பந்தயத்தன்று மரத்தடியில் உட்காரச் சொல்வது இரண்டாவது. பெண்களுக்குக் கல்யாணப் பேச்சே எல்லாவற்றிலும் பெரிய அறிவிப்பாகிறது. இந்தப் பகுதியில் உறவு வட்டத்துக்குள்ளேயே சாதகமும் சொத்தும் பார்த்து நடக்கும் சம்பந்தங்களில், ஒரு பெண்ணின் காலிலோ காதிலோ உள்ள குறை அவளோடு நிற்காமல் தங்கை, அண்ணன் மகள் என்று குடும்பத்துக்கே தாவும் என்ற அச்சம் இருக்கிறது. ஒறம்பரை, அதாவது உறவினர், வந்தால் அவள் உள்ளறையில் இருக்க வேண்டும். அடையாள அட்டை எடுத்தால் ஊருக்குத் தெரிந்துவிடும், ஆகவே வேண்டாம். இப்படி வளர்ந்த பெண், தான் மாற்றுத்திறனாளி என்பதை மறைக்கப்பட வேண்டிய ஒன்றாகவே முதலில் கற்கிறாள். ஆண் பிள்ளைக்கு இருசக்கர வண்டியும் கடையும் வைத்துக் கொடுக்கும் குடும்பம், பெண்ணுக்கு வீட்டு வேலையைக் கொடுத்து உட்காரவைக்கிறது. அவள் விடியலிலிருந்து இரவு வரை செய்யும் அந்த வேலையை யாரும் வேலை என்று கணக்கில் வைப்பதுமில்லை.

போலியோ தலைமுறை இரண்டு முறை இந்தக் கேள்வியைச் சந்திக்கிறது. இந்தியா 2014 மார்ச் 27 அன்று போலியோ அற்ற நாடாகச் சான்று பெற்றது. ஆனால் அதற்கு முன் பாதிக்கப்பட்டவர்கள் இன்று ஐம்பது, அறுபது வயதில் நம்மிடையே இருக்கிறார்கள். தொடையில் கை ஊன்றி நடந்தே படித்து, தையல் கற்று, பனியன் கம்பெனியில் சிங்கர் மெஷின் ஓட்டி, பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தவர்கள். தம்மை ஊனமுற்றவர் என்று சொல்ல விடாதவர்கள். நோய் வந்து 15 முதல் 40 ஆண்டுகள் கழித்து, இதுவரை சுமையைத் தாங்கிய நல்ல தசைகளும் தளர்ந்து வலிக்கத் தொடங்குவது மருத்துவம் அறிந்த ஒன்று. அதற்குப் போலியோவுக்குப் பிந்தைய நோய்க்குறி என்று பெயர். வாழ்நாள் முழுதும் வென்றுவிட்டதாக நினைத்த ஒன்றின் முன் மறுபடி நிற்பது, முதல்முறை நின்றதைவிடக் கடினம். அதிக உழைப்பு தளர்ச்சியை விரைவுபடுத்தக்கூடும் என்பதால், அவர்களுக்கு மருத்துவர் சொல்லும் முதல் அறிவுரையே வேலையைக் குறையுங்கள் என்பதுதான். இந்த மண்ணில் அதைவிடக் கேட்கக் கசப்பான சொல் இல்லை.

எல்லோருக்கும் ஒரே குறை இருக்கும் இடத்தில் அது குறையாகவே தெரிவதில்லை. கொங்கின் வடக்கெல்லையில் தருமபுரி, சேலம் மாவட்டங்களின் சில பகுதிகளில் நிலத்தடி நீரில் புளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. பழுப்பேறிய பற்களும் விறைத்த மூட்டுகளும் அங்கே ஊரின் சாயலாக எடுத்துக்கொள்ளப்பட்டன. அதன் பொருட்டுத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு அமைந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட பிறகு வளரும் பிள்ளைகளின் பற்களைப் பார்த்துத்தான், தமக்கு நேர்ந்தது விதியன்று, தண்ணீர் என்பதைப் பெரியவர்கள் கண்டுகொள்ள முடியும். நீலகிரி மலைப் பழங்குடிகளிடம் இரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் வடிவில் வளைக்கும் மரபுக்கூறு இருப்பதை 1952இலேயே ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் கண்டறிந்து எழுதினார்கள். மூட்டு வலி, அடிக்கடி காய்ச்சல், சீக்கிரம் வரும் களைப்பு என்று தலைமுறைகள் சுமந்த, அந்த மரபுக்கூறால் வரும் நோய், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்றாக இடம்பெற்றது. தேயிலைத் தோட்டத்துக்கு வாரத்தில் நான்கு நாள் மட்டும் வரமுடிகிற இருளர் இளைஞரை மேஸ்திரி சோம்பேறி என்று சொல்லி வந்திருந்தால், அவருக்குச் சட்டம் தரும் பெயர் ஒரு விடுதலையாகக்கூட அமையலாம். மலையிலிருந்து இறங்கி மாவட்ட மருத்துவமனையில் பலமுறை காத்திருக்கக் கூலியை இழக்க வேண்டும் என்பதால், அந்தப் பெயரைப் பெறுவதும் எளிதன்று.

சோம்பேறி, மக்கு என்ற பழிச்சொல்லிலிருந்து விடுவிக்கும் இந்தத் தன்மை கற்றல் குறைபாட்டிலும் உண்டு. மதிப்பெண்ணுக்குப் பெயர்போன நாமக்கல் விடுதிப் பள்ளிகளின் வட்டாரத்தில், எழுத்துகள் இடம்மாறித் தெரிகிற ஒரு பிள்ளை எவ்வளவு அடியும் வசையும் வாங்கியிருப்பான் என்பதைப் பெற்றோர் பலர் அறிவார்கள். அவனுக்குச் சான்றிதழ் என்பது, தன் மேல் தவறில்லை என்ற முதல் எழுத்துச் சாட்சி.

செவித்திறன் இல்லாப் பிள்ளைகளின் கதையில் இன்னொரு திருப்பம் இருக்கிறது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். வீட்டில் யாருக்கும் சைகை மொழி தெரியாது. சிறப்புப் பள்ளியின் விடுதியில் முதல்முறையாகத் தம் கைகளுக்குப் பதில் பேசும் கைகளைக் காணும் பிள்ளை, ஒரே நாளில் ஒரு மொழியையும் ஓர் ஊரையும் பெறுகிறது. அவர்களில் பலர் வளர்ந்தபின் தம்மை மாற்றுத்திறனாளி என்று சொல்வதைவிடச் சைகை மொழி பேசுகிற மக்கள் என்று சொல்லவே விரும்புகிறார்கள். சலுகைக்கு அட்டை வேண்டும், அடையாளத்துக்கு மொழி போதும் என்ற இந்த நிலைப்பாட்டில் முரண் எதையும் நான் காணவில்லை.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலுவுக்கு ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கியது. பள்ளிப் பருவத்தில் அவர் குறைபாடு இல்லாத பிள்ளைகளோடுதான் உயரம் தாண்டினார். பதினான்கு வயதில் அவர்களோடு போட்டியிட்டு இரண்டாமிடம் பெற்றார். மாற்றுத்திறனாளி விளையாட்டு வீரர் என்ற வகைப்பாட்டுக்குள் அவர் வந்தது பின்னால்தான். 2016இல் ரியோ பாராலிம்பிக் போட்டியில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024இல் பாரிசில் வெண்கலம். விளையாட்டில் உடலை வகைப்படுத்தும் நோக்கம், அவரை ஒத்தவரோடு நியாயமாகப் போட்டியிட வைப்பது. எதைச் செய்ய முடியும் என்பதைக் காட்டுவதற்காக அங்கே உடல் அளக்கப்படுகிறது.

மருத்துவச் சான்றிதழ் முகாமில் நடப்பது இதற்கு எதிர்த்திசையில் போகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் ஏற்பாடு செய்யும் முகாமில், ஆண்டு முழுதும் தம்மால் முடியும் என்று காட்டிவந்தவர், அந்த ஒரு காலைப்பொழுதில் தம்மால் எவ்வளவு முடியாது என்பதை மருத்துவர் முன் காட்ட வேண்டியிருக்கிறது. 40 விழுக்காட்டுக்குக் கீழே போனால் வந்த வழியே திரும்ப வேண்டும். மாதம் 2,000 ரூபாய்ப் பராமரிப்பு உதவித்தொகை கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கும் குறிப்பிட்ட சில வகையினருக்கும் மட்டுமே கிடைப்பதால், அதிக விழுக்காடு கேட்டுக் கெஞ்சும் நிலையும் ஏற்படுகிறது. தன்மானம் உள்ள ஓர் உழைப்பாளியை இதைவிட ஆழமாகப் புண்படுத்த முடியாது. பலர் ஒருமுறை போய்விட்டு மறுபடி போகாமல் இருப்பதற்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறைபாடுள்ள ஒரு தேர்வரின் வழக்கில், மாற்றுத்திறனாளி என்பதற்கு 40 விழுக்காடு அளவுகோல் அன்று, அந்த எல்லை இட ஒதுக்கீடு போன்ற குறிப்பிட்ட சலுகைகளுக்கு மட்டுமே உரியது, தேர்வெழுத உதவியாளர் கேட்கும் உரிமை அதற்குக் கீழுள்ளவருக்கும் உண்டு என்று தீர்ப்பளித்தது. கேட்டுப்பெற வேண்டிய தேவை இருப்பதே போதும் என்ற இந்தத் தீர்ப்பு, தறிக்குடோனில் செவி மங்கியவருக்கும் பொருந்தக்கூடியது. அது அவர் காதுக்கு எட்டவில்லை.

ஐக்கிய நாடுகள் அவையின் புள்ளியியல் ஆணையத்தின்கீழ் 2001இல் அமைந்த வாஷிங்டன் குழு ஆறு கேள்விகள் கொண்ட ஒரு சிறு தொகுப்பை உருவாக்கியது. கண்ணாடி அணிந்தும் பார்ப்பதில் சிரமம் உண்டா, கேட்பதில், நடப்பதில், நினைவில் வைப்பதில், குளித்து உடுப்பதில், பேசிப் புரியவைப்பதில் சிரமம் உண்டா. சிரமம் இல்லை, சிறிது, மிகுதி, அறவே முடியாது என்று நான்கு விடைகள். கேள்விகளில் எங்கும் ஊனம் என்ற சொல்லே இல்லை. நீங்கள் யார் என்று கேட்டால் மறுத்துவிடுகிற கொங்கு விவசாயி, கிணற்று மேட்டுக்கு ஏறச் சிரமமா என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார். அது அவருடைய வேலையைப் பற்றிய கேள்வி. கிராமச் செவிலியரும் பஞ்சாயத்து எழுத்தரும் இப்படிக் கேட்கத் தொடங்கினால், அட்டை வாங்க வெட்கப்படுகிறவர்களுக்கும் கைப்பிடியும் செவிக்கருவியும் போய்ச்சேரும்.

ஆனால் தேவையை அறிவது வேறு, அடையாளத்தைத் தயக்கமின்றி ஏற்பது வேறு. தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம் போன்ற அமைப்புகள் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களின் முன் நடத்தும் போராட்டங்களில், கண் தெரியாதவரும் கால் வராதவரும் அறிவுசார் குறைபாடுள்ள மகனைக் கூட்டிவந்த தாயும் ஒரே பந்தலின் கீழ் உட்காருகிறார்கள். தனித்தனி வீட்டில் தனித்தனி விதியாக இருந்தது, அங்கே ஒரே கோரிக்கையாக ஆகிறது. தம்மை மாற்றுத்திறனாளி என்று குரல் தாழ்த்தாமல் சொல்பவர்களில் பெரும்பாலோர் இப்படிப்பட்ட ஒரு கூட்டத்தையோ ஒரு நண்பரையோ ஒரு விடுதியையோ கடந்து வந்தவர்கள்.

2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம், ஊராட்சிகளிலும் நகர உள்ளாட்சிகளிலும் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க வழிசெய்யும் சட்டத் திருத்தங்களை நிறைவேற்றியது. இதுவரை உதவிக்கான தகுதியாக மட்டும் இருந்த ஒன்று, ஊர் மன்றத்தில் அமர்வதற்கான தகுதியாகியிருக்கிறது. அந்த இடத்துக்கு முன்வருகிறவர் தம் நிலையை ஊரறியச் சொல்லியாக வேண்டும். குடும்பத்தின் சம்பந்தப் பேச்சைக் காரணம் காட்டி இதுவரை அட்டையே எடுக்காத பெண்கள் அப்படி முன்வர ஊரும் வீடும் இடம்கொடுக்க வேண்டும். அவர் மன்றத்தில் பேசப்போகிற செய்திகள் இப்போதே தயாராக இருக்கின்றன: கூட்ட அறையின் படிகள், நியாயவிலைக் கடையின் உயரமான மேடை, பேருந்து நிறுத்தத்தின் குழி, பள்ளியின் கழிப்பறை, தறிக்குடோன்களில் ஆண்டுக்கொரு முறையேனும் நடக்க வேண்டிய செவிப் பரிசோதனை.